நிழலுக்கு ஓரம் தீட்டியவள்

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே அந்தச் சத்தம் கேட்கும், ஈரத் தோலின் ஓரத்தில் மரக்கட்டையை வைத்துத் தேய்க்கிற சத்தம், மணிப்புறா தொண்டைக்குள்ளேயே எதையோ உருட்டிக்கொண்டிருப்பது மாதிரி, பாலாற்றங்கரையிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் எங்கள் தெருவில் அது காலையிலிருந்து விளக்கு வைக்கிற நேரம்வரை இருந்துகொண்டே இருக்கும், புதிதாக வருகிறவர்கள் எங்கேயோ மாவு மில் ஓடுகிறது என்று நினைப்பார்கள், பழகிய காதுக்குத்தான் அது ஒரு சத்தமில்லை இரண்டு சத்தம் என்று தெரியும்: நீளமாக, அவசரமில்லாமல் போய்த் திரும்புவது அமுதவல்லியின் கட்டை, குட்டைகுட்டையாக, நடுநடுவே மூச்சு வாங்குவது ரூபாவதியின் கட்டை. ஆவணி மாதத்து ஒரு காலையில் அந்த இரண்டாவது சத்தம் பாதியில் நின்றுபோனது.

முனவ்வர் பாயின் பட்டறையில் பர்ஸும் பெல்ட்டும் தோளில் மாட்டுகிற பைகளும் செய்வார்கள், வெட்டுகிற ஆள் வேறு, தைக்கிற ஆள் வேறு, ஆனால் ஓரம் மட்டும் இந்த இரண்டு பெண்களின் வசம். வெட்டின தோலின் ஓரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஆறாத புண் மாதிரி பிசிறு பிசிறாக வாயைத் திறந்துகொண்டிருக்கும், அதை உப்புத்தாளால் தேய்த்து, தண்ணீர் தொட்டுக் கட்டையால் அழுத்தி, குச்சியால் சாயம் இழுத்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, மறுபடி சாயமிட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் மெழுகு. மெழுகை முன்னால் காட்டிவிட்டால் சாயம் ஒட்டினதுபோல நடித்துவிட்டு ஒருநாள் நாடாவாக உரிந்துகொண்டு வந்துவிடும். இந்த வேலையில் அமுதவல்லிதான் முதல் கை. அவள் முடித்த ஓரத்தில் விரலை ஓடவிட்டால் இரண்டு தோல் சேர்ந்திருக்கிற இடம் தெரியாது. வீட்டிலும் அவள்தான் முதல் கை, ஏனென்றால் ரூபாவதி அவளுடைய கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள், ஒரே கூரை, ஒரே அடுப்பு, குழம்புக்கு உப்புப் போடுகிறவள் அமுதவல்லி, சரியாயிருக்குதுக்கா என்று சொல்கிறவள் ரூபாவதி, அந்த ஏற்பாட்டில் அதுவரைக்கும் யாருக்கும் குறையில்லை.

அன்றைக்கு முனவ்வர் பாய் கிழக்கு வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார், அவருடைய நிழல் உள்ளே வந்து மேஜைமேல் படுத்துக்கொண்டிருந்தது, ரூபாவதி ஒரு பையின் மூடிக்கு அரக்குச் சாயம் இழுத்துக்கொண்டு வந்தவள், மூடியின் ஓரம் முடிகிற இடத்தில் பாயுடைய தோளின் ஓரம் தொடங்கியதால், கை போன போக்கில் அதிலும் போய்விட்டாள், தோள், கழுத்து, காதுமடல், தொப்பியின் விளிம்பு என்று நிற்காமல் போய்விட்டாள். பாய் பேச்சை முடித்துக்கொண்டு நகர்ந்தார். மேஜையில் சாயமில்லை. அவரோடு போயிருந்தது.

"அக்கா, இங்க பாருங்களேன்" என்றாள் ரூபாவதி.

அமுதவல்லி எட்டிப் பார்த்தாள். தெருவில் நடந்துபோகிற பாயின் நிழலில், இடது தோளிலிருந்து தொப்பிவரைக்கும், அரக்கு நிறக் கோடு ஒன்று பிசகாமல் கூடவே போய்க்கொண்டிருந்தது. அவள் கண்ணில் முதலில் பட்டது அதிசயமல்ல, வேலை. கோடு எங்கேயும் தடிக்கவில்லை, காதுமடலின் வளைவில்கூட மெலியவில்லை.

"தொப்பிகிட்ட கொஞ்சம் வழிஞ்சிருக்குது" என்றாள். வழிந்திருக்கவில்லை.

பள்ளிவாசல் முற்றத்தில் பாயின் பக்கத்தில் நின்றவர்கள் அந்தக் கோட்டை மிதிக்காமல் சற்றுத் தள்ளி நின்றார்கள், தொழவைக்கிற ஹஜ்ரத் குனிந்து பார்த்து, தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவும்போது உடம்பில் தண்ணீர் படுவதைத் தடுக்காத எதற்கும் ஆட்சேபமில்லை என்று சொல்லிவிட்டார், பாய் மறுநாளே வந்து வலது பக்கத்தையும் முடித்துக் கொடு, பாதியில் நிற்கிற வேலையைப் போட்டுக்கொண்டு கடைவீதியில் நடந்தால் தொழிலுக்கு நல்லதில்லை என்றார். முடித்துக் கொடுத்தாள். அதுவரைக்கும் நிழலுக்குப் பிசிறு உண்டு என்பதே எங்கள் தெருவுக்குத் தெரியாது, முனவ்வர் பாயின் நிழல் சுத்தமாகத் தைத்து முடித்த பர்ஸ் மாதிரி தரையில் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்த பிறகுதான் அவரவர் நிழலைக் குனிந்து பார்த்தோம், எல்லாம் நார்நாராகக் கிடந்தது, முள்வேலியில் மாட்டி இழுபட்டது, பஸ் கதவில் சிக்கிக் கிழிந்தது, வருஷக்கணக்காக இதையா இழுத்துக்கொண்டு திரிந்தோம் என்று வெட்கமாகிவிட்டது.

பட்டறை வாசலில் ஒரு கடப்பைக் கல்லைப் போட்டார்கள், அதன்மேல் நிழல் விழுகிறமாதிரி வந்து நிற்க வேண்டும், மூச்சு மட்டும் விடலாம். கஞ்சர்கள் உச்சி நேரத்தில் வந்தார்கள், அப்போது நிழல் சிறிதாக இருக்கும், சாயம் கொஞ்சம் போதும், ஆனால் சாயங்காலம் நிழல் நீளும்போது அவர்களுடைய ஓரம் நூல் மாதிரி இளைத்துவிடும். ஆடம்பரக்காரர்கள் அந்தியில் வந்தார்கள், மறுநாள் மத்தியானம் அவர்கள் ஜமக்காளக் கரை போட்டுக்கொண்டு நடந்தார்கள். மழை மூடின நாட்களில் வேலையில்லை, ஆனாலும் வந்து உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குக் கறுப்பு, பெண்களுக்குக் காப்பிக்கொட்டை நிறம் என்று சொல்லிவிட்டார்கள். கட்சிக்காரர்கள் இரட்டை நிறம் கேட்டார்கள், ஒரு ஓரத்துக்கு ஒரு சாயம்தான் நிற்கும் என்று ரூபாவதி அனுப்பிவிட்டாள். சர்ச்சில் பாஸ்டர், வேதத்தில் நிழலைப் பற்றி நிறைய இருக்கிறது, ஓரத்தைப் பற்றி ஒன்றுமில்லை, ஆகவே அவரவர் மனசாட்சி என்றார். புருஷனை இழந்த ஒரு பெண் குங்குமச் சிவப்பு கேட்டாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நிழலுக்கு அந்த மாதிரி விதியை யாரும் முன்னாலேயே போட்டுவைத்திருக்கவில்லை. கல்யாணங்களில் மேடைக்குக் கூரை போடுவதை நிறுத்தினார்கள், போட்டோக்காரர்கள் குனிந்து தரையைப் படமெடுத்தார்கள், சம்பந்தம் பேச வருகிறவர்கள் நகைக்கு முன்னால், "பொண்ணோட நிழலு முடிச்சாச்சுங்களா?" என்று கேட்டார்கள்.

இதற்கிடையில் பட்டறையிலிருந்து ஒரே ஒரு சத்தம்தான் வந்துகொண்டிருந்தது, நீளமான, அவசரமில்லாத சத்தம். பைகளும் பெல்ட்டுகளும் அமுதவல்லி ஒருத்தியின் மேஜையில் குவிந்தன. கல்லின் பக்கத்தில் ரூபாவதிக்குப் பூ வந்தது, கொய்யாப்பழம் வந்தது, யாரோ முட்டிக்கு வலிக்கக்கூடாது என்று பஞ்சு மெத்தை தைத்துக் கொடுத்தார்கள்.

குழாயடியில் இட்லிக்கடைப் பூங்காவனம் கேட்டாள். "இன்னாக்கா, உங்க வூட்டுல இப்ப சின்னவ கைதான் பேசுது. உங்களுக்கு வராதா அது?"

"வராம இன்னா?" என்றாள் அமுதவல்லி, குடத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் கட்டையப் புடிச்சப்ப அவ பாவாடை கட்டிக்கினு இருந்தா. தோலுக்கு இட்ட கை, மண்ணுல கெடக்கறதுக்குப் போய் இடுமா? எனக்குப் புடிக்கல. செய்யல."

"அப்டிச் சொல்லுங்க. அதான பாத்தேன்."

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அது உண்மையாகிவிட்டது. அமுதவல்லிக்கு இதைவிட நன்றாக வரும், அவங்கதான் தொடறதில்ல என்று பேசிக்கொண்டார்கள், பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள், ரூபாவதியே ஒருநாள் சோறு போடும்போது, "நீங்க இட்டா எப்டி இருக்கும்னு நெனச்சிப் பாப்பேன்க்கா" என்றாள், அது கிண்டலா நிஜமா என்று அமுதவல்லி ரொம்ப நேரம் மென்றுகொண்டிருந்தாள்.

ஏனென்றால் அவள் இட்டுப் பார்த்திருந்தாள். வீட்டுக்குப் பின்பக்கம், யாருமில்லாத நேரத்தில், முதலில் மேய்கிற கோழியின் நிழலுக்கு, கோழி ஓடிவிட்டது, சாயம் தரையில் நின்றது. பிறகு ஓடாத குடத்தின் நிழலுக்கு. பிறகு ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து வாசலோரம் படுத்துத் தூங்கிய புருஷன் சம்பந்தத்தின் நிழலுக்கு, நெற்றியிலிருந்து பாதம்வரைக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் கை அதற்கு முன்னால் இழுத்ததிலேயே நல்ல கோடு அதுதான், அவன் புரண்டு படுத்தபோது நிழல் மட்டும் புரண்டது, கோடு சிமெண்டில் கிடந்தது.

"இன்னாடி இது செவப்பா?" என்றான் எழுந்து.

"பீட்ரூட்டு அரிஞ்சேன்."

தேய்த்துக் கழுவினாள். ரூபாவதி கண்ணை மூடிக்கொண்டு இட்டாலும் ஒட்டுகிறது, தனக்கு ஏன் ஒட்டவில்லை என்று அந்தச் சிமெண்டைக் கேட்டாள். அதே குச்சி, அதே புட்டி. பொறாமை என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் வந்துபோகிற சளி மாதிரிதான், ஆனால் அவளுக்கு அது தோலைப் பதப்படுத்துகிற தொட்டியில் ஊறவைத்தது மாதிரி உள்ளேவரைக்கும் ஏறி, எங்கே வெட்டினாலும் அதே நிறமாகிவிட்டது.

கார்த்திகையில் ஒருநாள் சம்பந்தம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினான், அவனுடைய நிழலைச் சுற்றிக் காப்பிக்கொட்டை நிறத்தில் ஓரம் இருந்தது.

"எங்க போட்டுக்கினு வந்தே?"

"எங்கன்னா? நம்ம ரூபாகிட்டதான். வூட்டுலயே ஆளு இருக்கச்சே வெளியவா போவாங்க?" என்றான், கண்ணாடி பார்க்கிறமாதிரி இப்படியும் அப்படியும் திரும்பித் தரையைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் அமுதவல்லி எல்லோருக்கும் முன்னால் பட்டறைக்குப் போனாள், மெழுகு உருண்டையை எடுத்துக் கடப்பைக் கல் முழுக்க இழைத்தாள், கித்தான் துணியால் ஒரு திட்டுத் தெரியாமல் துடைத்தாள், உள்ளே போய்த் தன் மேஜையில் உட்கார்ந்து கட்டையை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு முதல் ஆளாகத் தான்தான் வருவேன் என்று பூங்காவனம் குழாயடியில் சொல்லியிருந்தாள். பூங்காவனத்தின் ஓரம் இட்லிக்கடை வாசலில் உரியட்டும், நாலு பேர் பார்க்கட்டும், அவ்வளவுதான் அவள் நினைத்தது.

வாசலில் கேட்ட குரல் பூங்காவனத்தினுடையது இல்லை. "சித்தி, எனக்கு மொதல்ல இட்டுடு, கம்பெனியில அரை நாள்தான் லீவு. அம்மாகிட்ட சொல்லாத, ஞாயித்துக்கெழம அவங்கள்லாம் வரப்ப பாத்துக்கட்டும்." அது அமுதவல்லியின் மகள் நிரோஷா. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் நிச்சயம் பண்ண வருவதாக இருந்தார்கள்.

அமுதவல்லி எழுந்து போய் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அவளுடைய கட்டை ஒருமுறை தோல்மேல் நின்றது, பிறகு நீளமாக, அவசரமில்லாமல், போய்த் திரும்பியது. வெளியே ரூபாவதி, "ஆடாதடி, மூக்குக்கிட்ட வந்துட்டேன்" என்று சிரிப்பது கேட்டது. நிரோஷா போனதும் வானம் மூடிக்கொண்டது, சனிக்கிழமைவரைக்கும் கல்லில் வேறு யாரும் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிரோஷா காப்பித் தட்டோடு வாசலுக்கு வந்தாள், நிழல் அரக்குக் கரை போட்டு அவளுக்கு முன்னால் வந்தது, மாப்பிள்ளையின் அம்மா தெரியாமல் அந்தக் கரையின் நுனியில் காலை வைத்திருந்தாள், நிரோஷா திரும்பியபோது குதிகாலில் தொடங்கி முதுகு, தோள், பின்னல் என்று ஓரம் ஒரே நாடாவாக உரிந்தது, வெறும் சாயமாகப் போகாமல் நிழலின் மேல்தோலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தது. மிச்சமிருந்த நிழல் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்துத் தரையில் கிடந்தது. பெண் தட்டைப் பிடித்தபடி நின்று, "வெயில் சுடுதும்மா" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா காலை மெதுவாக எடுத்துக்கொண்டாள். "ஓரம் தீட்டற வூடுன்னுதான் சந்தோசப்பட்டு வந்தோம். ஒரு வாரம் தாங்கலயே. செரி, பாக்கலாம், அவசரமில்ல." பாக்கலாம் என்றால் என்ன என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

ரூபாவதி குனிந்து நாடாவை இரண்டு கையிலும் ஏந்தி எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். அமுதவல்லி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என் தப்புங்கம்மா" என்றாள் ரூபாவதி. "மொதல்ல இட்டது காயறதுக்குள்ள ரெண்டாவது இட்டுட்டேன். பொண்ணு மேலயும் குத்தமில்ல, வூட்டு மேலயும் குத்தமில்ல. ஒரு நிமிசம் இருங்க."

பசை கொண்டுவந்தாள், உப்புத்தாள் கொண்டுவந்தாள், எல்லோர் முன்னாலும் மண்டியிட்டு அந்த மேல்தோலை மயிரிழை மயிரிழையாகத் திரும்ப ஒட்டினாள், தேய்த்தாள், சாயமிட்டாள், காத்திருந்து மறுபடி இட்டாள், காப்பி ஆறிப்போயிற்று, யாரும் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் நிரோஷாவின் நிழல் அதற்கு முன்னால் எப்போதும் இல்லாத அளவுக்குக் கறுத்துக் குளிர்ந்து கிடந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதன்மேல் வேண்டுமென்றே நடந்து பார்த்தாள். "இப்ப செரி" என்றாள். "தையிலயே வெச்சிக்கலாம். ஆனா மேடையில நிக்கற உங்க ஆளுங்க எல்லாருக்கும் ஓரம் இருக்கணும். எங்க சைடுல கேப்பாங்க."

சின்னவள் கை தவறிவிட்டது என்று பூங்காவனம் குழாயடியில் சொன்னாள், பாதிப் பேர் கல்லுக்கு வருவதை நிறுத்தினார்கள், கொய்யாப்பழம் நின்றது, பட்டறையிலிருந்து மறுபடி இரண்டு சத்தம் வர ஆரம்பித்தது. அமுதவல்லி கேட்டது இதைத்தான். கிடைத்த பிறகு அது அவளுக்கு இனிக்கவில்லை. பழியைக்கூட ரூபாவதியே முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டாள், அதிலும் எனக்கு இரண்டாம் இடம்தான் வைத்தாள் என்று ஒருபக்கம் எரிந்தது, அப்படி எரிகிறதே என்று இன்னொரு பக்கம் எரிந்தது.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, தை மாதத்து இளவெயிலில், அமுதவல்லி வீட்டுக்குப் பின்னால் முறத்தை வைத்துக்கொண்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ரூபாவதி சாயப் புட்டியோடு வந்தாள்.

"எழுந்திரிங்கக்கா. வெயில் போறதுக்குள்ள முடிச்சிடலாம். உங்க ஒருத்தருதுதான் பாக்கி."

எழுந்து நின்றாள். ரூபாவதி அவள் காலடியில் மண்டியிட்டு உப்புத்தாளை எடுத்தாள். அப்போதுதான் அமுதவல்லி, தன் நிழலின் பக்கத்தில் குனிந்திருந்த இன்னொரு நிழலைப் பார்த்தாள். அதற்கு ஓரமில்லை. பழைய சாக்குப்பை மாதிரி நாலு பக்கமும் நார் தொங்கிக்கொண்டிருந்தது, ஊரிலேயே அவ்வளவு பிய்ந்த நிழல் இன்னொன்று இருக்காது.

"இன்னாடி இது, உனக்கு இல்லவே இல்ல?"

"எனக்கு எவ இடுவா? நான் கைய நீட்டினா அதுவும் கைய நீட்டுது, குனிஞ்சா அதுவும் குனியுது. நாய் வாலைப் புடிக்கற மாதிரி சுத்திச் சுத்தி வந்தேன்."

"ஊர்ல ஒருத்தரும் கேக்கலயா?"

"கல்லுமேல நிக்கறவங்க அவங்கவங்களோடதத்தான பாப்பாங்க?" ரூபாவதி நிமிர்ந்தாள். "உங்களுக்கு வரும், புடிக்காமத்தான் செய்யலன்னாங்க. என்னைக்காவது மனசு எறங்குவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். நான் உங்களுக்கு இட்டதும் நீங்க எனக்கு இட்டு உடுங்கக்கா. மேடையில இதோட எப்டி நிப்பேன்?"

குச்சியை நீட்டினாள். அமுதவல்லி வாங்கிக்கொண்டாள். தோள் வலிக்கிறது என்று சொல்லலாம், வெயில் போதாது என்று சொல்லலாம், கல்யாணம் முடியட்டும் என்று சொல்லலாம். குச்சி நுனியில் சாயம் திரண்டு, கனத்து, சொட்டி, மண்ணில் விழுந்து மண்ணாகவே நின்றது.

"எனக்கு வராது" என்றாள்.

"இன்னாது?"

"வராதுடி. கோழிக்கு இட்டுப் பாத்தேன். குடத்துக்கு இட்டுப் பாத்தேன். உங்க மாமாவுக்கு, தூங்கச்சே, தலையிலேருந்து காலுவரைக்கும் இட்டுப் பாத்தேன். எல்லாம் தரையிலதான் நிக்குது."

"மாமாவுக்கா?" ரூபாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு சிரிப்பு தானாக நின்றது, இனி தன்னுடையது எப்போதும் இப்படியேதான் என்பது அவளுக்கு அப்போதுதான் எட்டியது.

"அந்தக் கல்லுல..." என்று ஆரம்பித்தாள் அமுதவல்லி.

"தெரியும்க்கா."

"எப்டி?"

"நாடாவுல மெழுகு வாசனை அடிச்சுது. கல்லைப் போய்த் தடவிப் பாத்தேன். ஒரு திட்டுக்கூட இல்ல. அவ்ளோ சுத்தமா மெழுகு இழைக்க இந்த ஊர்ல ஒரு கைதான் கீது."

அந்த நேரத்திலும் அமுதவல்லிக்குள் ஏதோ ஒன்று வெட்கங்கெட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. அவள் அதை அதட்டவில்லை.

ரூபாவதி குச்சியைத் திரும்ப வாங்கிக்கொண்டு முகத்தை முந்தானையால் துடைத்தாள். "செரி, நில்லுங்க. உங்களுக்காச்சும் முடிச்சிடறேன்."

"வேணாம்."

"சம்பந்தியம்மா கேப்பாங்கக்கா."

"கேக்கட்டும். சாயம் தீந்துபோச்சு, பொண்ணுக்கும் ஊருக்குமே செரியாப் போச்சுன்னு சொல்லு. நீயும் எம் பக்கத்துலதான் நிக்கணும்."

"எதுக்குக்கா இது? என்னால ஆவாது, உங்களுக்கு ஆவும். நீங்க ஏன் பிசிறோட நிக்கணும்?"

"ஊர்ல நீ ஒருத்தி மட்டும் பிசிறோட நின்னா எல்லாரும் உன்னையேதான் பாப்பாங்க" என்றாள் அமுதவல்லி. "அதையும் உனக்கே உட்டுக் குடுக்கச் சொல்றியா?"

ரூபாவதி புட்டியை மூடினாள்.

அமுதவல்லி உட்கார்ந்து முறத்தை மடியருகில் இழுத்துக்கொண்டாள், விட்ட இடத்திலிருந்து மொச்சையை உரிக்க ஆரம்பித்தாள், ரூபாவதி எதிரில் உட்கார்ந்து ஒரு கை காய் அள்ளிக்கொண்டாள், இரண்டு பேரும் சொத்தையைத் தனியாகப் போட்டுக்கொண்டே வெயில் இறங்குகிறவரைக்கும் உரித்துக்கொண்டிருந்தார்கள்.